மஞ்சள் ஏன் சிவக்கவில்லை? பிள்ளைகளுக்கு அமிலம், காரம் சொல்லித்தர யோசனை வேண்டும்

கோரையாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். நான் படித்தது பி.காம். அறிவியலுக்கும் எனக்கும் பத்தாவதோடு உறவு முடிந்தது. இப்போது எட்டாவது பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் வந்திருக்கிறது. லிட்மஸ் தாள் வாங்கத் திருவாரூர் வரை போக வேண்டும். அதனால் வீட்டில் இருப்பதை வைத்தே செய்து காட்டலாம் என்று இறங்கிவிட்டேன்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எவருக்கும் தெரியும். அது நன்றாக வந்தது. துணி சோப்புத் தண்ணீருக்கும் சிவந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அதற்கப்புறம்தான் சிக்கல்.

புத்தகத்தில் ஆப்ப சோடா காரம் என்று போட்டிருக்கிறது. அதைக் கரைத்து மஞ்சள் தாளில் விட்டால் கொஞ்சம் ஆரஞ்சு மாதிரி ஆகி அப்படியே நின்றுவிட்டது. பாத்திரம் விளக்கும் பச்சைத் திரவத்துக்கு ஒரு மாற்றமும் இல்லை. உப்புத் தண்ணீருக்கும் இல்லை, எலுமிச்சைச் சாற்றுக்கும் இல்லை. "அப்ப உப்பு, எலுமிச்சை, பாத்திர சோப்பு எல்லாம் ஒண்ணா அக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

செம்பருத்தியையும் வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். வீடியோவில் எல்லாம் பளிச்சென்று சிவப்பாக வருகிறது. எனக்கு அழுக்கு ஊதா நிறத்தில் வந்தது, மறுநாள் நாற்றம் வேறு. பூவில் குறையா, நான் செய்ததில் குறையா?

இன்னொன்று. ஒரு பையன் தன் வீட்டு வயலில் ஒரு மூலையில் மட்டும் நெல் வருவதில்லை, அந்த மண்ணை மஞ்சளில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறான். பார்க்கலாமா?

*

மன்னை வாத்தியார் எழுதியது:

டீச்சர் (பி.காம். படித்தால் என்ன, திண்ணையில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறவர் டீச்சர்தான்), நான் அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் மஞ்சள் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. சிவந்ததை விட்டுவிடுங்கள், சிவக்காததுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல பாடம். அந்தப் பெண் கேட்ட கேள்வியில்தான் பாடமே ஆரம்பிக்கிறது.

முதலில் சோடா. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள்தான் நிறம் மாறுவது. அது எல்லாக் காரத்துக்கும் சிவந்துவிடாது. பி.எச். என்பது அமிலம், காரத்தை அளக்கும் எண், 7 நடுநிலை, அதற்கு மேலே போனால் காரம். குர்குமின் பி.எச். 7.4 வாக்கில் மெல்ல மாறத் தொடங்கி 8.6-ஐத் தாண்டினால்தான் நன்றாகச் சிவக்கும். ஆப்ப சோடாக் கரைசலின் பி.எச். சுமார் 8.3. அதாவது வாசற்படியில் நிற்கிற விருந்தாளி, உள்ளேயும் வரவில்லை, திரும்பியும் போகவில்லை. நீங்கள் பார்த்த ஆரஞ்சு அதுதான். சலவை சோடா 11 வாக்கில், தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் 12-க்கும் மேல். அதனால்தான் அவை பட்டவுடன் சிவக்கிறது.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அழகான வழி இருக்கிறது. அதே ஆப்ப சோடாவில் ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து எவர்சில்வர் பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்க விடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், கறுத்துப்போகும். பத்து நிமிடம் கொதித்து ஆறியதும் மஞ்சள் தாளில் விட்டால் சிவக்கும். வெளியிலிருந்து எதுவும் சேர்க்கவில்லை, கொதிக்கத்தான் விட்டோம், பிறகு எப்படிச் சிவந்தது என்று கேளுங்கள். கொதிக்கும்போது சோடாவிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, மிச்சம் இருப்பது மெல்ல மெல்லச் சலவை சோடாவாக மாறுகிறது. தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே குமிழ் வருவதைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் வகுப்பில் இதைச் செய்தபோதெல்லாம் கடைசி பெஞ்சும் எழுந்து முன்னால் வந்துவிடும்.

பாத்திரம் விளக்கும் திரவமும் ஷாம்பும் இப்போது பெரும்பாலும் நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும்படிதான் தயாரிக்கிறார்கள். பழைய துணி சோப்புக் கட்டி அப்படி இல்லை, அது காரம். நுரை வந்தாலே காரம் என்று பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். அந்த முடிவை உடைக்க இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

உப்பு நடுநிலை. எலுமிச்சை அமிலம். இரண்டுக்கும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும், ஏனென்றால் அமிலத்துக்கும் நடுநிலைக்கும் மஞ்சளுக்கு ஒரே நிறம்தான். "இது காரமா?" என்று கேட்டால் மஞ்சள் பதில் சொல்லும். "இது அமிலமா?" என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு தந்திரம் உண்டு. தாளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் தொட்டு முதலில் சிவப்பாக்கிக்கொள்ளுங்கள். சிவந்த தாளில் ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், இன்னொரு பக்கம் எலுமிச்சைச் சாறு வையுங்கள். உப்பு வைத்த இடம் சிவப்பாகவே இருக்கும், எலுமிச்சை பட்ட இடம் மஞ்சளுக்குத் திரும்பும். அந்தப் பெண்ணுக்கு இதுதான் பதில். அவளையே செய்யச் சொல்லுங்கள்.

தாள் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. குர்குமின் தண்ணீரில் கரையாது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் திட்டுத் திட்டாகத்தான் வரும். கை கழுவும் சானிடைசர் வீட்டில் மிச்சம் இருந்தால் அதில் கலக்கித் துணியில் வடிகட்டுங்கள், தெளிவான மஞ்சள் சாறு கிடைக்கும். அதில் தாளை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், தீப்பிடிக்கும். கஸ்தூரி மஞ்சள் சரிப்படாது, சமையல் மஞ்சள்தான் வேண்டும்.

இப்போது செம்பருத்தி. பூவில் குறை இல்லை, உங்கள் செய்முறையிலும் இல்லை. எந்தத் தண்ணீரில் போட்டீர்கள்? திருத்துறைப்பூண்டிப் பக்கம் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் பைகார்பனேட் கரைந்திருக்கும், சூடாக்கினால் காரத்தன்மை இன்னும் ஏறும். பூ அதைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறது. ஒரு டம்ளர் போர் தண்ணீரிலும் ஒரு டம்ளர் மழைத் தண்ணீரிலும் அல்லது கேன் தண்ணீரிலும் ஒரே எண்ணிக்கையில் இதழ் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரில் வாய்க்கால் தண்ணீர் வந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். காசு செலவில்லாமல் ஊர்த் தண்ணீரைச் சோதித்த மாதிரி ஆகும்.

செம்பருத்தியைத் தாளில் தடவி வைக்க ஆசைப்பட்டால் நோட்டுத் தாள் வேண்டாம். இன்றைக்கு வரும் வெள்ளைத் தாள் பலவற்றில் சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்திருப்பார்கள், அதுவே நிறத்தைக் கெடுக்கும். நன்றாக அலசிய பழைய வேட்டித் துண்டு நல்லது. சோப்பு மிச்சம் இல்லாமல் அலச வேண்டும், அவ்வளவுதான்.

நான் மிகவும் விரும்பும் சோதனையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஒரு ஸ்பூன் வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி இரவு முழுக்கத் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு ஸ்பூன் தெளிநீர், அதில் இரண்டு சொட்டு மஞ்சள் சாறு. சிவந்துவிடும். இனி பழைய சொட்டு மருந்துப் பாட்டிலை நன்றாகக் கழுவி, அதில் எலுமிச்சைச் சாற்றை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். எத்தனையாவது சொட்டில் சிவப்பு போய் மஞ்சள் வந்தது? எழுதிக்கொள்ளட்டும். அடுத்த டம்ளரில் வினிகர், அதற்கடுத்து புளித்தண்ணீர், அப்புறம் மோர். மோரை அப்படியே விட்டால் வெள்ளையாகி நிறம் தெரியாது, மேலே நிற்கும் தெளிவை எடுங்கள். எலுமிச்சைக்குக் கொஞ்சம் சொட்டே போதும், மோருக்கு எண்ணி எண்ணி அலுத்துவிடும். எதில் அமிலம் அதிகம் என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. நாக்கு சொன்ன வரிசையும் சொட்டு சொன்ன வரிசையும் ஒன்றா என்று கேளுங்கள். கல்லூரி ஆய்வகத்தில் பியூரெட் என்ற அளவுக் குழாயை வைத்துச் செய்வதும் இதேதான்.

வினிகரையும் சோடாவையும் கொட்டி எரிமலை காட்டுகிறார்களே, அது எனக்குப் பிடிக்காது. நுரை மட்டும்தான் ஞாபகம் இருக்கும். காட்டியே ஆக வேண்டும் என்றால் டம்ளரை வெளிப்பக்கம் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஜில்லென்று இருக்கும். பொங்குவதெல்லாம் சூடு என்று நினைத்த பிள்ளை அங்கே ஒரு நிமிடம் யோசிக்கும்.

பி.எச். என்ற சொல்லையே ஆறாவது பிள்ளைகளிடம் எடுக்க வேண்டாம். எட்டாவதுக்கு வேண்டுமானால், 1909-இல் டென்மார்க்கில் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் கொண்டுவந்த அளவு அது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், மறக்க மாட்டார்கள்.

*

கொடிக்கால் வீடு எழுதியது:

வாத்தியார் சார் செம்பருத்தியோடு நிறுத்திவிட்டார். எனக்கு என்னமோ சங்குப்பூதான் உசத்தி. எங்கள் வீடு கும்பகோணம் பக்கம், வேலி முழுக்க நீலச் சங்குப்பூ. வெள்ளைப் பூ உதவாது, நீலம்தான் வேண்டும். ஒரு கைப்பிடிப் பூவை வெந்நீரில் போட்டால் நல்ல நீலம் வரும். எலுமிச்சை பிழிந்தால் ஊதா, இன்னும் பிழிந்தால் ரோஸ். ஆப்ப சோடாவுக்கே நீலம் கொஞ்சம் பச்சைப் பக்கம் சாயும், சுண்ணாம்புக்குப் பச்சையாகிக் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகும். மஞ்சளுக்கு ஒரு பக்கம்தான் தெரியும், இதற்கு இரண்டு பக்கமும் தெரியும்.

நாற்றம் வராமலிருக்க, பூவை நிழலில் காயவைத்து டப்பாவில் போட்டுவிடுங்கள். தேவைப்படும்போது வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம். சாறாக வைக்க வேண்டுமென்றால் ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வையுங்கள். என் பெண் அந்த நீலக் கட்டிகளை எலுமிச்சை ஜூஸில் போட்டு வேடிக்கை பார்ப்பாள்.

எங்கள் வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால் இருப்பதால் இன்னொன்று சொல்கிறேன். வெறும் வெற்றிலையும் பாக்கும் மென்றால் வாய் அவ்வளவாகச் சிவக்காது, சுண்ணாம்பு சேர்ந்தால்தான் சிவக்கும். பிள்ளைகளை மெல்லச் சொல்லாதீர்கள். உரலில் கொட்டைப்பாக்கை இடித்து இரண்டு பங்காக்கித் தண்ணீர் விட்டு, ஒன்றில் மட்டும் துளி சுண்ணாம்பு சேருங்கள். தாத்தா பாட்டி வாய் ஏன் சிவக்கிறது என்று அப்படியே தெரிந்துவிடும். பாக்கில் இருக்கும் துவர்ப்புச் சத்துதான் காரத்தில் சிவக்கிறதாம், எங்கள் அண்ணி சொன்னார், அவர் கெமிஸ்ட்ரி படித்தவர்.

பழைய செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் பாதிக்குப் புளி தேய்த்து வைத்தாலும் போதும், அமிலம் என்ன செய்யும் என்று கண்ணுக்குத் தெரியும். நாச்சியார்கோவில் விளக்கு ஒன்று வீட்டில் இருந்தால் பாடமும் ஆச்சு, வெள்ளிக்கிழமை வேலையும் ஆச்சு.

*

இரவுப் பணி எழுதியது:

நான் கண் ஆஸ்பத்திரி நர்ஸ். மேலே சொன்னதெல்லாம் நல்ல யோசனை, ஆனால் சுண்ணாம்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியாது.

வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டையோ டியூபையோ பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். அழுத்தினால் பீச்சியடிக்கும், நேரே கண்ணுக்குப் போகும். கண்ணில் அமிலம் படுவதைவிடக் காரம் படுவது மோசம், அது உள்ளே உள்ளே இறங்கிக்கொண்டே போகும். பார்வையே போன குழந்தைகள் உண்டு. கலக்குவது, தெளிய வைப்பது எல்லாம் பெரியவர்கள் வேலை. பிள்ளைகளுக்குத் தெளிந்த தண்ணீர் மட்டும், அதுவும் ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன். தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிற கற்சுண்ணாம்பு அந்தத் திண்ணைப் பக்கமே வரக் கூடாது.

தப்பித் தவறிப் பட்டுவிட்டால், இமையைத் திறந்து பிடித்து நல்ல தண்ணீரை விடாமல் அரை மணி நேரம் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணில் துகள் ஒட்டியிருந்தால் ஈரத்துணி நுனியால் எடுத்துவிட்டுக் கழுவுவதைத் தொடருங்கள். அப்புறம் உடனே டாக்டர். காரத்துக்கு அமிலம் மாற்று என்று அன்றைக்குத்தான் படித்திருப்பார்கள், யாராவது எலுமிச்சையைப் பிழிந்துவிடப் போகிறார்கள். தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கூடாது. இதைப் பாடத்தோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

கழிவறை கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டும் பட்டியலிலேயே வேண்டாம். ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ருசி பார்ப்பது சமையலறைப் பொருளோடு நிற்கட்டும், அதுவும் சோதனைக்கு எடுத்த கிண்ணத்திலிருந்து கூடாது.

*

கோரையாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சிஸ்டர், சுண்ணாம்பை நான்தான் கையாளுகிறேன், ஒரு வாளி நல்ல தண்ணீரும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

வாத்தியார் சார், சோடாவைக் கொதிக்க வைத்தோம். சிவந்தது! செம்பருத்தியும் நீங்கள் சொன்னபடியே. கேன் தண்ணீரில் நல்ல ரோஸ் நிறம், எங்கள் போர் தண்ணீரில் அதே அழுக்கு ஊதா. "நம்ம தண்ணி காரமாக்கா?" என்று கேட்டு ஆளுக்கொரு பாட்டிலில் அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டார்கள். திண்ணை முழுக்க பாட்டில்.

சொட்டு எண்ணுவதில் சண்டையே வந்தது, ஒருவன் சொட்டு பெரிசு, ஒருவன் சொட்டு சின்னது என்று. கடைசியில் எல்லோரும் ஒரே பாட்டிலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அவர்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு சந்தேகம். சிவந்த டம்ளர் ஒன்றை ஒன்றும் சேர்க்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போனோம். மறுநாள் பார்த்தால் சிவப்பைக் காணோம், வெளிறிய மஞ்சளாக இருந்தது. மேலே வெள்ளையாக ஏடு மாதிரி படிந்திருக்கிறது. யாரும் எலுமிச்சை விடவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். இது எப்படி?

அந்தப் பையனின் மண்ணுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

*

வரப்புமேடு எழுதியது:

மண்ணுக்கு நான் சொல்கிறேன் தங்கச்சி. விவசாயம்தான் தொழில், களர் நிலத்தோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுசு போனது.

பையன் கேட்டது நல்ல கேள்வி. மண்ணை மஞ்சளில் போடாதீர்கள், மண் நிறத்தில் ஒன்றும் தெரியாது. உலர்ந்த மண்ணைப் பொடித்து ஒரு பங்கு, மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ இரண்டரைப் பங்கு. மண் பரிசோதனை நிலையத்திலும் இதே விகிதம்தான். அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கி, தெளிய விட்டு, மேல்தண்ணீரை மஞ்சள் தாளில் விடுங்கள். போர் தண்ணீரை ஊற்றினால் அது மண்ணைச் சோதித்ததா, போரைச் சோதித்ததா என்று தெரியாமல் போகும்.

நெல் வராத மூலையிலிருந்து ஒன்று, நன்றாக விளையும் இடத்திலிருந்து ஒன்று, இரண்டும் வேண்டும். தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் எடுக்காதீர்கள். தண்ணீர் நின்றால் மண் கொஞ்சம் கொஞ்சமாக நடுநிலைப் பக்கம் வந்துவிடும், வித்தியாசம் தெரியாது. காய்ந்த நிலத்தில் எடுக்க வேண்டும்.

சிவந்தால் அது களர் என்று சந்தேகப்படலாம், அங்கே பி.எச். 8.5-க்கு மேல் இருக்கும். சிவக்காவிட்டால் மண் நல்ல மண் என்று ஆகிவிடாது. உங்கள் பக்கம் கடல் கிட்டே. உவர் மண்ணாக இருக்கலாம், அதாவது வெறும் உப்பு. உப்புத் தண்ணீருக்கு மஞ்சள் மாறவில்லை என்று நீங்களே பார்த்தீர்களே. இரண்டுக்கும் பயிர் ஒரே மாதிரிதான் வாடும், வைத்தியம் வேறு. உவருக்கு நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் போதும். களருக்கு ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். ஜிப்சம் அமிலம் என்று பிள்ளைகள் நினைத்துவிடப் போகிறார்கள். அதிலிருக்கும் கால்சியம் மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை வெளியே தள்ளுகிறது, தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகிறது.

மஞ்சள் தாளை நம்பி யாரும் ஜிப்சம் வாங்கிவிட வேண்டாம். பையன் அப்பாவிடம் சொல்லி மண்ணை வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சீட்டில் வரும் பி.எச். எண்ணைப் பையன் தன் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

*

மன்னை வாத்தியார் எழுதியது:

வரப்புமேடு அண்ணன் சொன்ன உவர், களர் விஷயத்தை எட்டாவது பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லலாம். எந்தப் புத்தகத்தையும்விட நன்றாக இருக்கிறது.

டீச்சர், உங்கள் டம்ளருக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்புத் தண்ணீரில் கரைந்து காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கும். அந்த வெள்ளை ஏடு அதில் உண்டான கால்சியம் கார்பனேட்தான். இன்னொன்று, குர்குமின் காரத்தில் வெகுநேரம் தாங்காது, தானே சிதைந்து நிறம் இழக்கும். அதாவது தண்ணீரில் காரம் தீர்ந்திருக்கலாம், அல்லது காரம் இருக்க மஞ்சள் தீர்ந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம்.

எது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அந்த டம்ளரில் புதிதாக இரண்டு சொட்டு மஞ்சள் சாறு விடுங்கள். சிவந்தால் ஒரு பதில், சிவக்காவிட்டால் இன்னொரு பதில். கூடவே இரண்டு டம்ளர் புதிதாகச் சிவப்பாக்கி, ஒன்றைத் திறந்தும், இன்னொன்றை விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடியும் வையுங்கள். என்ன வரும் என்று முன்கூட்டியே ஒவ்வொருவரும் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பார்த்த பிறகு மாற்றக் கூடாது.

சுண்ணாம்புத் தெளிநீர் பாட்டிலில் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி ஒட்டிவிட்டீர்களா? பார்ப்பதற்குக் குடிதண்ணீர் மாதிரியே இருக்கும். பரண் மேலே வையுங்கள்.